காப்பீடு ஏற்காத விபத்துச் செலவும் அமீரக நிறுவன வரியும்

காப்பீடு ஏற்காத விபத்துச் செலவை லாபத்திலிருந்து கழிக்கும் வழக்கம், ஐக்கிய அரபு அமீரகத்தின் சிறு நிறுவனங்களுக்கு நிறுவன வரியோடு சேர்ந்து வந்தது. 2022-ஆம் ஆண்டின் 47-ஆம் எண் சட்டம், 2023 ஜூன் 1 அன்றோ அதன் பின்னரோ தொடங்கும் நிதியாண்டுகளுக்குப் பொருந்தும். வரிக்குரிய வருமானத்தில் முதல் 3,75,000 திர்ஹமுக்கு வரியில்லை. அதற்கு மேல் 9 விழுக்காடு.

சட்டத்தின் 28-ஆம் பிரிவுப்படி, முழுக்க முழுக்கத் தொழிலுக்கென்றே செய்த, மூலதனம் சாராத செலவு கழியும். அச்செலவுக்குக் காப்பீடு இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. மோதலில் நசுங்கிய டெலிவரி வேனைப் பழுதுபார்த்த கூலி அந்த ஆண்டிலேயே கழியும். மாற்றாக வாங்கும் புது வேனின் விலை தேய்மானமாகப் பல ஆண்டுகளில் கழியும். உரிமையாளரின் குடும்பமும் பயன்படுத்தும் காராக இருந்தால், தொழிலுக்குரிய பங்கைப் பிரித்துக் காட்ட வேண்டும். போக்குவரத்து அபராதம் கழியாது. பாதிக்கப்பட்டவருக்குத் தரும் இழப்பீட்டை 33-ஆம் பிரிவு அந்தத் தடையிலிருந்து விலக்கியிருக்கிறது.

வழக்கத்தின் வலிமை, கைக்கு வந்த உண்மையான லாபத்துக்கே வரி கேட்பதில் இருக்கிறது. 2024 ஏப்ரல் 16 மழையில் அல் ஐன் பகுதியின் கத்ம் அல் ஷக்லாவில் 24 மணி நேரத்துக்குள் 254.8 மில்லிமீட்டர் பதிவானது. 1949-இல் பதிவுகள் தொடங்கியது முதல் அந்நாடு காணாத அளவு அது. கட்டாயமான மூன்றாம் தரப்புக் காப்பீடு, பிறருக்கு நேரும் சேதத்துக்கே பொறுப்பேற்கும். அதை மட்டும் வைத்திருந்தவர்கள் தம் வாகனச் சேதத்தைத் தாமே சுமந்தனர். அந்தச் சேதத்தைக் கணக்கில் சேர்க்காமல் வரி விதிப்பது இழந்த பணத்துக்கும் வரி கேட்பதாகும்.

குறை, பலன் யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதில் தெரிகிறது. வரிக்குரிய வருமானம் 5,00,000 திர்ஹமாக உள்ள நிறுவனம் 40,000 திர்ஹம் விபத்துச் செலவைக் கழித்தால் 3,600 திர்ஹம் வரி குறையும்; மீதி 36,400 அதன் சொந்தச் சுமை. 3,00,000 திர்ஹம் மட்டுமே ஈட்டும் மளிகைக் கடைக்கு ஒரு திர்ஹம்கூட மிச்சமாகாது.

சிறு தொழில் நிவாரணம் இந்தக் குறையை இன்னும் கூர்மையாக்குகிறது. ஆண்டு வரவு 30 லட்சம் திர்ஹமைத் தாண்டாத நிறுவனங்கள், 2026 டிசம்பர் 31 வரை முடியும் வரிக் காலங்களுக்கு இதைத் தேர்ந்தெடுக்கலாம். தேர்ந்தால் வரிக்குரிய வருமானமே இல்லை எனக் கொள்ளப்படும். அந்த ஆண்டின் நட்டத்தையோ அடுத்த ஆண்டுகளுக்குக் கொண்டுசெல்ல முடியாது. தேராமல் விட்டால் நட்டம் தொடரும். பின்வரும் ஆண்டுகளில் வருமானத்தின் 75 விழுக்காடு வரை அதைக் கொண்டு ஈடுசெய்யலாம். ஆகவே பெரிய விபத்து நேர்ந்த ஆண்டில் நிவாரணத்தைப் பழக்கத்தால் தேர்ந்தெடுப்பது, வளரும் நிறுவனத்துக்கு இழப்பாக முடியலாம்.

காப்பீட்டு பிரீமியமும் தொழிற்செலவாகவே கழிவதால், காப்பீட்டைத் தவிர்ப்பதற்கு வரிச்சட்டம் தனிச் சலுகை எதுவும் தருவதில்லை. லாபத்தைச் சரியாக அளக்கும் விதி என்ற வகையில் இந்தக் கழிவு நியாயமானது; விபத்துக்கான பாதுகாப்பாக அதை நம்புவது தவறு. நிவாரணத்தைத் தேர்ந்த ஆண்டிலும் விபத்து நட்டத்தை மட்டும் தொடர விட்டால், கழிவு மிகத் தேவைப்படும் சிறிய கடைகளுக்கும் அது பயன்படும்.