கலகம், கிளர்ச்சி, புரட்சி: ஒரு பொருண்மை நோக்கு

1806 ஜூலை 10இல் வேலூர்க் கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் ஆயுதமேந்தி எழுந்தனர், அன்றே ஒடுக்கப்பட்டனர். தமிழ் நூல்கள் அதனைக் கலகம், கிளர்ச்சி, புரட்சி என மூவகையாகச் சுட்டுகின்றன. ஆங்கில 'மியூட்டினி' செய்தவர் யார் என்பதைக் காட்டும்: படைக்கட்டுப்பாட்டை மீறிய வீரர். 'கலகம்' அதனைக் காட்டாது. 'வகுப்புக் கலகம்' என்னுமிடத்து அரசெதிர்ப்பும் இல்லை. பழிப்பு மட்டுமே அதில் நிலையாக உள்ளது. 'புரட்சி' அடியோடு மாறுதலை உணர்த்துவது. வேலூரில் அது நிகழவில்லை. 'கிளர்ச்சி' பழிப்பற்றது, ஆயினும் 1938இன் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி போன்ற ஆயுதமற்ற போராட்டத்தையும் தழுவும்.

ஆதலின், பழிப்பை அகற்றக் கருதிக் 'கலகம்' என்பதை எல்லா இடத்தும் மாற்றும் மொழிபெயர்ப்பு பிழைபடும். கும்பினி அதிகாரியின் கடிதத்தில் அப்பழிப்பு அவருடையது. அதை நீக்குதல் சான்றையே திருத்துவதாகும். மாறாக, வரலாற்றாசிரியரின் கூற்றிலும் 'கலகம்' என்றே பெயர்த்தால் கும்பினியின் தீர்ப்பு அவர்மேல் ஏற்றப்படும். அங்குச் 'சிப்பாய்க் கிளர்ச்சி' என அடைசேர்த்து வழங்குதல் தகும். செய்தவரும் விளங்குவர், பழிப்பும் சேராது. எச்சொல் பொருந்தும் என்பதற்குமுன், கூற்று யாருடையது எனத் துணிதல் வேண்டும்.