கதவில் கேட்கும் கும்கி

காருக்கு ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது "எத்தனை வாட்?" என்றுதான். நான் முதலில் பார்ப்பது கதவை. கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு, வெளித் தகட்டை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். சத்தம் சட்டென்று அடங்காமல் 'டங்ங்' என்று நீண்டால், அந்தக் கதவில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஸ்பீக்கரை வைத்தாலும் பாடகரோடு கதவும் சேர்ந்து பாடும். கதவு பாடுவதை எந்த ஈக்வலைசராலும் நிறுத்த முடியாது.

ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. முன்பக்கத்து அலையும் பின்பக்கத்து அலையும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. இரண்டும் சந்தித்தால் கீழ்சுருதி ஓசைகள்தான் முதலில் அழியும். வீட்டு ஸ்பீக்கருக்கு அதனால்தான் கனமான மரப்பெட்டி. காரிலோ அந்தப் பெட்டியின் வேலையைக் கதவு செய்ய வேண்டியிருக்கிறது. கார் கம்பெனி அதை அதற்காகச் செய்யவில்லை. உள்தகட்டில் கண்ணாடி மோட்டாருக்காக வெட்டிய பெரிய ஓட்டைகள், அவற்றை மூட ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள், கண்ணாடி இடுக்கு வழியே உள்ளே இறங்கும் மழைத் தண்ணீர். இந்த ஓட்டைக் கூட்டை ஒலிப்பெட்டியாக மாற்றுவதில்தான் கார் ஆடியோ என்ற கைவேலையின் அழகே இருக்கிறது.

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வரிசையாக இருக்கும் கார் உதிரி அலங்காரக் கடைகளின் வாசலில் இந்த வேலை நடப்பதைப் பார்க்கலாம். நல்ல கைக்காரர் டோர் பேடைக் கழற்றியதும் ஸ்பீக்கர் டப்பாவைத் தொட மாட்டார். தகட்டில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைப்பார். பிறகு அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் ஷீட்டை, ஓட்டை வழியாகக் கையை விட்டு வெளித்தகட்டின் உட்புறத்தில் முதலில் ஒட்டுவார். சின்ன உருளையால், தாளின் மேடு பள்ளங்கள் மறையும்வரை அழுத்துவார். அடுத்ததாக உள்தகட்டின் ஓட்டைகளை மூடுவார். கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் வடியும் துளைகளை மட்டும் விட்டுவிடுவார். அவற்றை அடைத்துவிட்டால் ஐப்பசி மழைக்குப் பிறகு கதவு துருப்பிடிக்கும். விலை குறைவு என்று சிலர் தார் ஷீட்டை ஒட்டுகிறார்கள். நம் சித்திரை வெயிலில் நிற்கும் காருக்குள் அது இளகி வழியும். வேண்டவே வேண்டாம்.

ஷீட் ஒட்டுவது சத்தத்தை அடைப்பதற்காக என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது மிருதங்கக்காரர் கச்சேரிக்கு முன் தொப்பியில், அதாவது இடப்பக்கத் தோலில், ரவையைக் குழைத்து அப்புவதைப் போன்றது. தோலின் எடை கூடினால் அதன் அதிர்வு கீழே இறங்குகிறது, வெற்றுத் தகரச் சத்தம் போய் ஓசைக்கு உடல் வருகிறது. வலப்பக்கமான வலந்தலையில் இருக்கும் கருப்பு வட்டமான கரணை, தோலின் மேலொலிகளை எப்படிச் சுருதிக்குள் கொண்டுவருகிறது என்று சி.வி. ராமன் 1920இலேயே எழுதினார். தகட்டில் அவ்வளவு நுட்பம் தேவையில்லை. எடை கூடி, நடுக்கம் சீக்கிரம் அடங்கினால் போதும்.

இனி ஸ்பீக்கர். முன்கதவுகளுக்கு ஆறரை அங்குல காம்பொனன்ட் செட், அதாவது மிட்பாஸ் தனி, ட்வீட்டர் தனி, நடுவே ஓசையை இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர். டப்பாவில் பெரிய எழுத்தில் இருக்கும் பீக் வாட்டைப் பார்க்காதீர்கள். ஆர்எம்எஸ் என்று சிறிய எழுத்தில் இருப்பதுதான் ஸ்பீக்கர் தொடர்ந்து தாங்கும் அளவு. பின் கண்ணாடிக்குக் கீழே வைக்கும் நீள்வட்ட ஆறுக்கு ஒன்பது அங்குல ஸ்பீக்கரை நான் யாருக்கும் சொல்வதில்லை. கச்சேரியில் யாராவது மேடைக்கு முதுகைக் காட்டி உட்காருவார்களா? அந்தப் பணத்தை முன்கதவுக்கே செலவிடலாம்.

நம் ஊரில் ஓட்டுநர் வலப்பக்கம். வலது ஸ்பீக்கர் அவருக்குக் கிட்டே, இடது எட்டத்தில். காற்றில் ஒலி ஒரு மில்லி விநாடியில் சுமார் 34 சென்டிமீட்டர் போகிறது. வலது பக்கத்து ஓசை இடதைவிட ஒரு மில்லி விநாடி முந்தினாலே போதும், பாடகர் வலது கண்ணாடிக்குள் போய் உட்கார்ந்துகொள்வார். டிஎஸ்பி என்ற சிறு கருவி கிட்டே இருக்கும் ஸ்பீக்கரை அந்த நேரத்துக்குக் காக்கவைக்கிறது. சரியாக அமைந்த நொடியைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். குரல் கதவை விட்டு எழுந்து டாஷ்போர்டின் மேல், காற்றில், ஓர் ஆள் உயரத்தில் நிற்கும். வயலின் அதற்கு ஒரு பக்கம், மிருதங்கம் மறுபக்கம் என்று கச்சேரி மேடையே விரியும். இருந்த இடத்தில் எந்த ஸ்பீக்கரும் இருப்பதாகத் தோன்றாது. இதை ஒரு முறை கேட்டுவிட்டால், சத்தம் அதிகமா குறைவா என்ற பேச்சுக்கே மனம் போகாது.

சப்வூஃபரைக் கடைசியில் சொல்கிறேன், வாங்க வேண்டியதும் கடைசியில்தான். ஒரே அளவு சத்தத்தோடு ஒரு ஸ்தாயி கீழே இறங்க வேண்டுமானால் நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ். கதவில் இருக்கும் ஆறரை அங்குலக் கூம்பு அதைத் தொட முயன்றால் திணறிவிடும். டிக்கியில் ஒரு பத்து அங்குல வூஃபர் இருந்தால் போதும். அதற்கு மூடிய பெட்டியா, குழாய் வைத்த பெட்டியா? ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இலும், அவரைத் தொடர்ந்து ரிச்சர்ட் ஸ்மால் 1970களிலும் வகுத்த கணக்குதான் இன்றும் பெட்டியின் அளவைச் சொல்கிறது. குழாய்ப் பெட்டி அதிகம் முழங்கும். மூடிய பெட்டியின் ஓசை, ஓர் எல்லைக்குக் கீழே ஸ்தாயிக்கு 12 டெசிபல் குறைந்துகொண்டே போகும். நல்லவேளையாக, சாத்திய காரின் சிறிய அறை அதே கீழ்சுருதிகளை ஏறக்குறைய அதே அளவுக்குத் தூக்கிக் கொடுக்கிறது. காரும் பெட்டியும் இப்படிப் பொருந்துவதால் என் ஓட்டு மூடிய பெட்டிக்கு. அதில், மிருதங்கத்தின் தொப்பியில் வளைந்தெழும் கும்கியின் வளைவு வளைவாகவே கேட்கும், தனியாய் நின்று முழங்காது.

இளையராஜாவைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. 'ரெட்டை வால் குருவி' (1987) படத்தில் ஜேசுதாஸ் பாடிய பாட்டில் பேஸ் கிட்டார் பின்னணி அல்ல, இன்னொரு பாடகர். மோசமான வூஃபரில் அந்த நடை முழுவதும் ஒரே 'தும் தும்' ஆகிவிடுகிறது. சரியான அமைப்பில் ஒவ்வொரு சுரமும் தனித்தனி உயரத்தில் இறங்கி ஏறுவது தெரியும்.

வூஃபர் டிக்கியில் இருந்தும் ஓசை முன்னாலிருந்து வருவதுபோல் இருப்பதுதான் நல்ல வேலைக்கு அடையாளம். சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே, திசையைக் காது எளிதில் பிரித்தறியாது. எனவே அங்கேயே கிராஸ்ஓவரை வெட்டி, அதற்கு மேலுள்ளதைக் கதவிடம் விட வேண்டும். ஆனாலும் நம்பர் பிளேட் காட்டிக் கொடுத்துவிடும். அது கடகடத்தால் காது உடனே பின்னால் திரும்பும். பிளேட்டுக்குப் பின்னால் ஸ்பாஞ்ச் ஒட்டச் சொல்லுங்கள். வூஃபரின் ஃபேஸ் சுவிட்சை ஒருவர் இங்கும் அங்கும் மாற்ற, இன்னொருவர் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து கேட்க வேண்டும். எந்த நிலையில் பேஸ் கனத்து, முன்பக்கம் நகர்கிறதோ அதுவே சரி.

வயரிங்கில் விட்டுக்கொடுக்க முடியாதவை மூன்று: கம்பெனி வயரை வெட்டாமல் கப்ளர் போடுவது, அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய வயருக்குப் பதில் முழுச் செம்பு, பேட்டரியிலிருந்து அரை மீட்டருக்குள் ஃபியூஸ். 500 வாட் கொடுக்கும் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) உச்சத்தில் 40 ஆம்பியருக்கும் மேல் இழுக்கும். அந்த ஃபியூஸ் ஆம்புக்குக் காவல் அல்ல, வயர் உரசித் தீப்பிடிக்காமல் இருப்பதற்கு.

கடை வாசலில் நிற்கும் காரில் செய்த டியூனிங் தாம்பரம் தாண்டியதும் மெலிந்துபோகும். டயரும் காற்றும் எழுப்பும் இரைச்சலில் பெரும்பகுதி கீழ்சுருதிதான், அது பேஸை விழுங்கிவிடும். வூஃபருக்கு மட்டும் ஒரு திருகு, ஸ்டீரிங்குக்குப் பக்கத்தில் கைக்கெட்டும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். நெடுஞ்சாலையில் கொஞ்சம் ஏற்றலாம், ராத்திரி தெருவுக்குள் நுழையும்போது இறக்கிவிடலாம்.