முதலில் இணைப்பு, பிறகு விளக்கம்

1947 செப்டம்பர் 27, நாடு விடுதலை பெற்று ஆறு வாரம். அன்று சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகளில் வளர்ந்த சபைகள் அன்று ஒன்றாயின. பேராயர் இல்லாமல் திருச்சபையே இல்லை என்று நினைத்தவர்களும், பேராயர் ஆட்சியை எதிர்த்து இங்கிலாந்தில் பிரிந்துபோனவர்களின் வழிவந்தவர்களும் ஒரே சபையானது, சீர்திருத்தக் காலத்துக்குப் பின் அதுவே முதல் முறை. அந்த இணைப்பைச் சாத்தியமாக்கியது துணிச்சலான ஒரு வழிமுறை: கொள்கை வேறுபாடு தீரும்வரை காத்திராமல் முதலில் சேர்ந்துவிடுவது, சேர்ந்து வாழ்ந்தபடியே விளக்கத்தைத் தேடிக்கொள்வது. வழிமுறை சரியானதே என்பது என் முடிவு. அதன் இரண்டாம் பாதியைக் கைவிட்டதுதான் பிழை.

1919இல் தரங்கம்பாடியில் கூடி இணைப்புக்கு அழைப்பு விடுத்தவர்களுள் முதன்மையானவர் தோர்ணக்கல் பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஆங்கிலிக்கன் சபையில் பேராயரான முதல் இந்தியர் அவர். அடிப்படையாக வைக்கப்பட்டவை நான்கு: வேதாகமம், பழைய விசுவாசப் பிரமாணங்கள், ஞானஸ்நானமும் திருவிருந்தும் ஆகிய இரு சாக்கிரமந்துகள், வரலாற்று வழிவந்த பேராயர் பதவி. முதல் மூன்றில் பெரிய தகராறு எழவில்லை. 28 ஆண்டுப் பேச்சுவார்த்தையை இழுத்தடித்தது நான்காவதுதான். இறுதியில் கிடைத்த தீர்வு இது: பேராயர் பதவியை எல்லாரும் ஏற்பார்கள், ஆனால் சட்ட வரம்புக்குள் இயங்கும் பதவியாக. அந்தப் பதவிக்கு இன்ன இறையியல் விளக்கந்தான் என்று யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. பேராயர் கைவைக்காமல் முன்பே குருப்பட்டம் பெற்ற ஆயர்களுக்கு மறுபடி பட்டம் கொடுப்பதுமில்லை. புதிதாக வருகிறவர்கள் பேராயர் கையால் பட்டம் பெறுவார்கள். முப்பது ஆண்டு இடைக்காலம் என்று கணக்கு. அசரியா 1945 புத்தாண்டு நாளன்று காலமானார். இணைப்பை அவர் பார்க்கவில்லை.

இது உண்மையை விலைபேசிய ஒற்றுமை என்ற எதிர்ப்பு அப்போதே கிளம்பியது. கவிஞர் டி.எஸ். எலியட் 1943இல் இத்திட்டத்தைத் தாக்கி ஒரு சிறுநூலே எழுதினார். ஆங்கிலிக்கன் பேராயர்கள் கூடிய 1948 லாம்பெத் மாநாடு புதிய சபைக்கு முழு உறவு தரத் தயங்கியது. நந்தியால் பகுதி ஆங்கிலிக்கர் பலர் இணைய மறுத்தனர். எதிர்த்தவர்களின் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஒரே சொல்லில் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பொருள் கொள்வது உடன்பாடாகுமா என்பது நேர்மையான கேள்வி. ஆனால் காலம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லவில்லை. இரண்டு வகை ஆயர்கள் ஒரே பீடத்தில் பணியாற்றியதால் சபை உடையவில்லை. 1950இல் அது உருவாக்கிய திருவிருந்து ஆராதனை முறை, மரபுகள் கலந்தால் புதிதாக ஒன்று பிறக்கும் என்பதற்குச் சான்றாகி மேலைநாட்டு வழிபாட்டுச் சீர்திருத்தக்காரர்களின் கவனத்தையும் ஈர்த்தது. பின்னாளில் ஆங்கிலிக்கன் ஐக்கியம் இச்சபையை முழு உறுப்பாகவே சேர்த்துக்கொண்டது.

கொள்கையை முதலில் தீர்ப்போம் என்றவர்களின் வரலாற்றையும் பார்க்க வேண்டும். 1529இல் மார்பர்க்கில் சீர்திருத்தத் தலைவர்களான லூத்தரும் ஸ்விங்லியும் 15 கூறுகளில் 14இல் உடன்பட்டார்கள். திருவிருந்தில் கிறிஸ்து எவ்வாறு இருக்கிறார் என்ற எஞ்சிய ஒன்றில் பிரிந்தார்கள். அவர்கள் வழிவந்த ஐரோப்பியச் சபைகள் லாய்ன்பெர்க் உடன்படிக்கை வழியே முழு உறவுக்கு வர 1973 ஆயிற்று. நம்மூர்ச் சான்று இன்னும் கூர்மையானது. தென்னிந்தியத் திருச்சபையும் லுத்தரன் சபைகளும் 1947க்குப் பின் ஆண்டுக்கணக்கில் பேசின; முக்கியக் கொள்கைகளில் பொது அறிக்கைகள் தயாராயின; பொது ஞானோபதேச நூல்கூட எழுதப்பட்டது. இணைப்பு மட்டும் வரவில்லை. உடன்பாடு இல்லாமல் 1947இல் ஒன்று நடந்தது. உடன்பாடு இருந்தும் அடுத்தது நடக்கவில்லை. அப்படியானால் நடுவில் நின்றது கொள்கைதானா? சொத்து, பதவி, வெளிநாட்டுத் தாய்ச்சபைத் தொடர்பு, சாதி ஆகியவற்றையும் கணக்கில் எடுக்காமல் பதில் சொல்ல முடியாது.

1947 இணைப்பின் குறைகளும் இவற்றிலிருந்தே தொடங்குகின்றன. மிஷனெரிச் சங்கங்கள் தமக்குள் எல்லை பிரித்துக்கொண்டு வேலை செய்ததால், பெரும்பாலான கிராமங்களில் இருந்தது ஒரே மிஷனின் சபை. பெருநகரங்களை விட்டால், 1947 இணைத்தது அலுவலகங்களைத்தான். அடுத்தடுத்துப் பிரிந்து நின்ற சபைமக்களை அல்ல. ஒரே எல்லைக்குள் ஒரு மிஷனின் பெயரும் ஒரு சாதியின் பெயரும் ஒட்டிக்கொண்டிருந்த இடங்களில் அந்தப் பிணைப்பு அப்படியே தொடர்ந்தது. அதைவிடப் பெரிய குறை, பின்னால் பேசிக்கொள்வோம் என்று விட்ட பேராயர் பதவியின் விளக்கத்தை யாரும் பேசவேயில்லை. அர்த்தம் காலியாக விடப்பட்ட பதவியில் நிர்வாகம் குடியேறிற்று: பள்ளிகள், கல்லூரிகள், நிலங்கள், நியமனங்கள். திருமண்டலத் தேர்தல்கள் அணி பிரிந்து நடக்கின்றன. தகராறுகள் உயர் நீதிமன்றம்வரை போகின்றன. ஓய்வுபெற்ற நீதிபதிகள் நிர்வாகிகளாக நியமிக்கப்பட்டதும் உண்டு. பேராயர் பதவிக்குத் தெளிவான இறையியல் வைத்திருக்கும் சபைகளிலும் ஊழல் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறதுதான். ஆனால் பேராயர் எதற்காக என்பதற்கு ஒப்புக்கொண்ட விடை ஒன்று இருந்தால், தவறு செய்பவரை அந்த அளவுகோலைக் கொண்டு சபைமக்களே கேட்க முடியும். இன்று அவர்கள் கையில் இருப்பது சபை விதிகளும் வழக்கறிஞரும்.

இதற்கிடையில் உண்மையான கொள்கைப் பிளவு வேறு பக்கம் நகர்ந்துவிட்டது. தமிழ்நாட்டுச் சேகரங்களில் இன்று குடும்பங்களைப் பிரிப்பது பேராயர் பதவியல்ல, முழுக்கு ஞானஸ்நானம். குழந்தையில் ஞானஸ்நானமும் வளர்ந்தபின் திடப்படுத்தலும் பெற்றவர், பெந்தெகொஸ்தே சபையில் முழுக்கு எடுக்கிறார். ஆயர் அதை மறுஞானஸ்நானம் என்று கண்டிக்கிறார். பாஸ்டரோ முதலாவது ஞானஸ்நானமே அல்ல என்கிறார். இரு தரப்பும் வேதவசனம் சொல்கின்றன, உட்கார்ந்து பேசும் மேடைதான் இல்லை. பெந்தெகொஸ்தே சபைகளுக்குப் பொதுத் தலைமை கிடையாது, யாரோடு பேசுவது என்பார்கள். அது மெய்யான தடைதான்; ஆனாலும் ஒரே ஊரின் ஆயரும் பாஸ்டரும் பேசுவதற்குத் தேசியத் தலைமை தேவையில்லை. முன்மாதிரியும் உண்டு. 1970இல் நாக்பூரில் உருவான வட இந்தியத் திருச்சபையில் பாப்டிஸ்டுகளும் சேர்ந்தார்கள். குழந்தை ஞானஸ்நானமும் விசுவாசிகளின் ஞானஸ்நானமும் அங்கே ஒரே சபைக்குள் ஏற்கப்பட்டன. தென்னிந்தியத் திருச்சபையின் சினாடு அடுத்த பேராயர் தேர்தலுக்குச் செலவிடும் நேரத்தில் ஒரு பகுதியையாவது இந்த ஒரு கேள்விக்கு ஒதுக்கட்டும். லுத்தரன் சபைகளோடு செய்து வைத்த பொது அறிக்கைகளையும் அதே அமர்வில் மேசைக்குக் கொண்டு வரட்டும்.