பட்டை, கத்தி, விதி

டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட 'வெண்பா' கணினி விளையாட்டில் அம்மாவின் சமையல் குறிப்பேடு சிதைந்திருக்கிறது. விடுபட்டதை ஆடுபவர்தான் ஊகிக்கணும். இட்லித் தட்டுகளைத் தப்பா அடுக்கினால் ஆவி ஏறாது. புலம்பெயர்ந்த குடும்பத்தின் இழப்பை வசனத்தோடு நம் விரலும் உணர்கிறது. அதன் பலமே இதுதான்.

2009-இல் தொடங்கிய குளோபல் கேம் ஜேம், குறுகிய காலத்தில் ஒரு விளையாட்டை உருவாக்கச் சொல்கிறது. இப்படியான கூடல்களுக்குப் போகும் நம் மாணவர்கள் தோட்டத்தைப் பின்னணிப் படமா வரைஞ்சா மட்டும் போதாது. பகாவ், ரந்தாவ் பக்கம் பால்மரம் சீவியவர்களுக்கு விதிகள் இருந்தன: இருட்டிலேயே இறங்கணும், பட்டை நனைஞ்சா வேலை இல்லை, கத்தி ஆழமா இறங்கினால் மரம் காயப்படும். விளையாட்டுக்கு வேறென்ன வேணும்? செம்பனை வந்தபின் இந்தக் கைப்பழக்கம் லயத்துப் பாட்டிகளிடம்தான் மிச்சம். முதலில் அவர்களிடம் கேளுங்க; கோடிங் அப்புறம்.