ஜரிகை வெளுத்துவிடக் கூடாது

பிலிமை விட்டு டிஜிட்டலுக்கு வந்தவர்கள் கூடிப் பேசினால், பேச்சு சீக்கிரமே செலவுக் கணக்கில் போய் நிற்கும். ரோல் மிச்சம், லேப் கூலி மிச்சம், எடுத்ததை உடனே பார்க்கலாம். அந்த லாபக் கணக்கு எனக்கு ஒரு பொருட்டே இல்லை. டிஜிட்டல் எனக்குக் கொடுத்த பெரிய வரம், போளூர், ஆரணிப் பக்கத்துத் தறி வீடுகளின் இருட்டு.

ஒண்ணுபுரத்திலோ தேவிகாபுரத்திலோ காலையில் ஒரு தறி வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். கூரையில் பதித்த கண்ணாடி ஓடும் தெருக்கதவும்தான் வெளிச்சத்துக்கு வழி. பிலிம் காலத்தில் 400 ரோலைப் போட்டு லென்ஸை எஃப்2 வரை திறந்தாலும், பல வீடுகளில் ஷட்டர் 1/15க்கு மேல் ஏறாது. நாடா தள்ளும் கை கலங்கிப்போகும். ஃபிளாஷ் அடித்தால் பட்டு தகரமாகிவிடும். அதே இடத்தில், அதே வெளிச்சத்தில், இன்று ஐஎஸ்ஓ 3200 வைத்தால் 1/125 கிடைக்கிறது. அச்சு இழுக்கும் கையின் நரம்பு வரை தெளிவாக நிற்கிறது. நெசவைப் படமெடுப்பவருக்கு இந்த மூன்று ஸ்டாப் போதும். மற்ற வசதிகள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

என் கையில் இருப்பது நிக்கான் டி700. 2008ல் வந்தது. வெறும் 12 மெகாபிக்சல் என்று இன்றைய இளைஞர்கள் ஓரமாக வைத்துவிடும் கேமரா. எஃப்எம்2 பிலிம் கேமராவில் வருடக்கணக்காகப் போட்டிருந்த பழைய 50 எம்எம் கையால் ஃபோகஸ் செய்யும் லென்ஸ் இதில் அப்படியே பூட்டிக்கொள்கிறது. லென்ஸின் அளவை மெனுவில் ஒருமுறை சொல்லிவிட்டால் மீட்டரும் வேலை செய்கிறது. நிக்கான் 1959ல் வகுத்த எஃப் மவுண்டை மாற்றாமல் வைத்திருந்ததன் பலன் இது. வளையத்தை எந்தப் பக்கம் எவ்வளவு திருப்ப வேண்டும் என்று விரலுக்குத் தெரியும். தறிக்காரர் முகத்திலிருந்து பாவுக்கு ஃபோகஸ் போக நான் யோசிக்க வேண்டியதில்லை.

ஆனால் கேமராவின் தரத்தை நான் அளப்பது ஜரிகையில்தான். நெகட்டிவ் பெருந்தன்மையானது. இருட்டுப் பகுதிக்கு அளந்து எடுத்தோம். ஜரிகை இரண்டு ஸ்டாப் கூடிப்போனாலும் பிரிண்ட் போடுகிறவர் மீட்டுக் கொடுத்துவிடுவார். டிஜிட்டலில் எல்லையைத் தாண்டிய வெளிச்சத்தை மீட்பது அரிது. முந்தானை ஜரிகையில் ஒரு புட்டா வெளுத்துப் போனால் போனதுதான், ரா (RAW) கோப்பாக எடுத்திருந்தாலும் கொஞ்சம்தான் திரும்பும். அதனால் பழைய பாடத்தைத் தலைகீழாக்கி, ஜரிகைக்கு அளந்துவிட்டு, இருட்டைப் பிறகு தூக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வெல்வியாவிலும் கோடாக்குரோமிலும் ஸ்லைடு எடுத்துப் பழகியவர்களுக்கு இது புதிதே இல்லை. டிஜிட்டலுக்கு வந்து தடுமாறாதவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான் என்பது என் அனுபவம்.

இதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. அரக்குச் சிவப்புச் சேலையை எடுக்கும்போது வெள்ளை ஹிஸ்டோகிராம் நல்லபிள்ளையாகத் தெரியும். சிவப்புச் சேனல் மட்டும் வலது சுவரில் முட்டிக்கொண்டிருக்கும். திரையில் படம் அழகாகத்தான் இருக்கும். பெரிதாக்கினால் மடிப்புகளைக் காணோம், சேலை ஒரே சிவப்புப் பூச்சாக நிற்கும். மூன்று நிறத்துக்கும் தனித்தனியாக ஹிஸ்டோகிராம் காட்டும் கேமராவில் அதைப் பார்க்காமல் பட்டு எடுப்பது வீண். மெகாபிக்சல் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறவர்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை. இழைகளின் மேல் நெளிநெளியாக வரும் மோயரே கோடுகளும் அப்படித்தான். கூர்மை கூடட்டும் என்று, அதைத் தடுக்கும் வடிகட்டியின் வேலையை நிக்கான் 2012ல் டி800ஈயில் முடக்கியது. நிலக்காட்சிக்கு அது நல்லது. நெருக்கமாக நெய்த பட்டுக்கு டி700தான் நல்லது.

பிலிமில்தான் ஆன்மா இருக்கிறது என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ‘இந்து’ கறுப்பு வெள்ளையும், ஹைப்போ வாசனையும், சிவப்பு விளக்கின் கீழ் தாளில் முகம் எழுந்து வருவதும் எனக்கும் நெஞ்சில் நிற்கின்றன. ஆனால் 2003ல் மும்பையில் ஒரு பத்திரிகை வேலைக்காக நிக்கான் டி100ஐ எடுத்த ஒளிப்படக் கலைஞர் ரகு ராய், அதன்பின் தம்மால் பிலிமுக்குத் திரும்ப முடியவில்லை என்று சொல்லியிருக்கிறார். நாற்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பிலிமில் வேலை செய்த கை அது. அவருக்குக் குறையாத ஆன்மா நமக்கு மட்டும் எங்கே குறைந்துவிடும்?

எனக்குக் குறை இருப்பது வேறு இடத்தில். வண்ணத்தை முறுக்கிவிடும் பழக்கம் எல்லை மீறிவிட்டது. எம்.எஸ். நீலத்தை இணையத்தில் பார்த்து வாங்கினால் வீட்டுக்கு வருவது மயில் நீலம். மாம்பழ மஞ்சள் எலுமிச்சையாகிறது. சாயக்காரர் கொப்பரை முன்னால் நின்று கொண்டுவந்த நிறத்தை, கணினி முன் உட்கார்ந்தவர் ஒரு நொடியில் கெடுத்துவிடுகிறார். கல்யாண ஆல்பங்களில் மணப்பெண்ணின் தோலைத் தேய்க்கிற தேய்ப்பில் கூரைச்சேலையின் இழையும் சேர்ந்து அழிகிறது. ஒரு சாம்பல் அட்டையை வைத்து முதல் படம் எடுத்தால் இதில் பாதி தீரும். பகல் வெளிச்சமும் எல்ஈடி விளக்கும் கலந்த தறி வீட்டில் அதுவும் போதாது. விளக்குப் போடாத காலை நேரத்துக்குக் காத்திருப்பதே வழி.

போளூருக்கு அருகே உள்ள சமணத் தலமான திருமலைக்கும் இதே பொறுமை பொருந்தும். 16 அடி நேமிநாதர் சிலையை எந்த ஃபோனிலும் எடுத்துவிடலாம். குகையின் விதான ஓவியங்களுக்குத்தான் உயர்ந்த ஐஎஸ்ஓ வேண்டும். அங்கே ஃபிளாஷைப் பையை விட்டு எடுக்கவே கூடாது.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். படங்கள் ஹார்டு டிஸ்க்கிலேயே கிடக்கின்றன. பிரிண்ட் போடுகிறவர்கள் அருகிவிட்டார்கள். 8க்கு 12 அளவுக்கு 12 மெகாபிக்சல் தாராளம். நல்ல மேட் தாளில் ஒன்று போட்டு, படத்தில் இருக்கும் தறிக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். நிறம் சரியா என்று அவரையே கேளுங்கள்.