பதினைந்து போதவில்லையா, பகிர வழியில்லையா?

பழைய பிசி பற்றிப் பேச்சு வந்தால் ஒரு புலம்பல் தவறாமல் வரும்: "ஐஆர்க்யூ பத்தவே பத்தாது." நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால், அது தப்பான இடத்தைக் குறை சொல்கிறது என்று தோன்றுகிறது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் இன்டெல் 8259ஏ சிப் ஒன்று, இன்டரப்ட் லைன் எட்டு. டைமருக்கு 0, கீபோர்டுக்கு 1, ஃபிளாப்பிக்கு 6. 1984இல் ஏடி வந்தபோது இன்னொரு 8259ஏவை முதல் சிப்பின் 2ஆம் லைனில் கோத்துவிட்டார்கள். மிஞ்சியது 15. 2ஐ நம்பியிருந்த பழைய கார்டுகளுக்காக, ஸ்லாட்டில் இருந்த அந்த இணைப்பை 9க்கு மாற்றினார்கள். 9இல் வருவதைப் பயாஸ் பழைய வழிக்கே திருப்பிவிட்டது. ஒட்டுவேலைதான், ஆனால் கெட்டிக்காரத்தனமான ஒட்டுவேலை.

என் குறை வேறு. ஐஎஸ்ஏ பஸ்ஸில் லைன் கீழிருந்து மேலே ஏறும் அந்தக் கணம்தான் அழைப்பு. ஒரு கார்டு லைனை மேலே பிடித்துக்கொண்டிருக்கும்போது இன்னொன்று கூப்பிட்டால், புதிதாக ஏற்றம் எதுவும் நடக்காது. அந்த அழைப்பு அப்படியே காணாமல் போகும். காம்1, காம்3 இரண்டுக்குமே வழக்கமாக 4தான். ஒன்றில் மவுஸ், மற்றதில் மோடம் இருந்தால், டயல் பண்ணினதும் மவுஸ் அசையாது. இரண்டு கார்டுமே நல்ல கார்டுதான்!

வேடிக்கை என்னவென்றால், ஏற்றத்துக்குப் பதில் லைனின் நிலையைப் பார்க்கும் முறையும் 8259ஏவிலேயே இருக்கிறது. தொடக்க அமைப்பில் ஒரு பிட் மாற்றினால் போதும். அதற்கேற்ப கார்டுகள் லைனை இயக்கும் விதத்தையும் அன்றே வகுத்திருந்தால் பகிர்ந்துகொள்ள முடிந்திருக்கும். 1987இல் மைக்ரோ சேனலில் ஐபிஎம்மே இதைச் செய்தது. பிறகு பிசிஐயும் செய்தது.

டிஎம்ஏ சேனலிலும் இடம் குறைவுதான்: பிசியில் 4, ஏடியில் பயன்படுவது 7. ஆனால் அங்கே தப்பிக்க வழி இருந்தது. ஏடியின் ஹார்ட் டிஸ்க் டிஎம்ஏவை விட்டுவிட்டு, டேட்டாவை சிபியு மூலமே நகர்த்தியது. இன்டரப்ட்டை அப்படி எளிதில் விட்டுவிட முடியாது.

ஐந்தே ஸ்லாட் இருந்த முதல் பிசிக்கு இந்த முடிவு பரவாயில்லை. எட்டு ஸ்லாட் வந்த ஏடியிலும் பழைய கார்டுகளுக்காக அதையே தொடர்ந்ததால், பங்கு பிரிக்கும் வேலை வாங்கினவர் தலையில் விழுந்தது. பெட்டியைத் திறந்து ஜம்பரைப் பிடுங்கு, சவுண்ட் கார்டுக்கு "ஏ220 ஐ5 டி1" என்று ஒரு வரி எழுது, ஒத்துவரலையா, மறுபடி திற. எந்த லைனில் உட்கார்ந்திருக்கிறேன் என்று கார்டே சொல்லும் பிளக் அண்ட் பிளே 1993இல்தான் வந்தது.

"பத்தாது" என்றால் அந்தக் காலத்து வறுமை என்று விட்டுவிடலாம். பகிர வழி வைக்காதது ஒரு முடிவு. அதற்கான விலையைப் பத்து வருஷத்துக்கு மேல் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக இருந்தவர்கள்தான் கொடுத்தார்கள்.