பதிவேட்டில் இருப்பவரும் இல்லாதவரும்

தேர்தல் தேதி அறிவித்த மறுவாரம் மாவட்டத்தின் ஏதாவது ஒரு காவல் நிலையத்தில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். வயதான விவசாயி ஒருவர் துணி உறையில் சுற்றிய இரட்டைக்குழல் துப்பாக்கியை மேசை மேல் வைப்பார். எழுத்தர் உரிமத்தைப் புரட்டி, துப்பாக்கி எண்ணை ஒத்துப் பார்த்து, ரசீது எழுதித் தருவார். வாக்கு எண்ணிக்கை முடிந்து, ஒப்படைத்ததைத் திரும்பப் பெறும் உத்தரவு வரும்வரை அது அங்கேதான் இருக்கும். அதற்குள் அவருடைய கடலைக் கொல்லையில் பன்றி இறங்கினால் தகர டப்பாவைத் தட்டித்தான் விரட்ட வேண்டும். அதே மாவட்டத்தில் உரிமம் இல்லாமல் கள்ளத்துப்பாக்கி வைத்திருப்பவருக்கு எந்த உத்தரவும் போகாது. அவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

துப்பாக்கிக் கட்டுப்பாடு வேண்டும் என்பவன் நான். 2016 இறுதியில் உள்துறை அமைச்சகத்தின் கணக்குப்படி நாட்டில் 33.69 லட்சம் உரிமங்கள் இருந்தன. அதில் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம், தமிழ்நாட்டில் சுமார் 22,500. கல்யாண வீட்டில் வானத்தை நோக்கிச் சுடுவது கௌரவம் என்று நினைக்காத ஊரில் வாழ்வது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை வடக்கே சில ஆண்டுகள் இருந்து திரும்பியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். அந்த நிம்மதியை இழக்க நான் தயாரில்லை. ஆனால் கட்டுப்பாட்டை இறுக்கும்போதெல்லாம் இறுகுவது யாருடைய கழுத்து என்ற கேள்வியையும் விட முடியவில்லை.

இந்தக் கேள்விக்கு நம் நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. 1878இல் லிட்டன் பிரபு இரண்டு சட்டங்களைக் கொண்டுவந்தார். ஒன்று இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயை அடைத்தது. மற்றொன்று இந்தியர் கையிலிருந்த ஆயுதத்தைப் பறித்தது. ஐரோப்பியருக்கு விலக்கு இருந்தது. கட்டுப்பாடு என்பது நிறத்தைப் பார்த்து விழுந்ததால்தான் அந்த ஆயுதச் சட்டம் அவ்வளவு கசந்தது. அகிம்சையைப் போதித்த காந்தியே 1918இல் கேடாவில் படைக்கு ஆள் சேர்க்க வெளியிட்ட துண்டறிக்கையில் அதைக் கடுமையாகச் சாடினார். 1931 கராச்சி மாநாட்டில் காங்கிரஸ் நிறைவேற்றிய அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், விதிமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் ஓர் இனமாக இடம்பெற்றது.

பதினேழு ஆண்டுகள் கழித்து, 1948 டிசம்பரில், அரசியல் நிர்ணய சபையில் எச்.வி.காமத் இதே உரிமையை அரசியல் சட்டத்தில் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தபோது அம்பேத்கர் மறுத்தார். கராச்சித் தீர்மானம் வெள்ளையர் ஆட்சியின் அவமானத்திலிருந்து பிறந்தது, சூழல் மாறிவிட்டது என்றார். அடிப்படை உரிமை என்று எழுதிவிட்டால் குற்றத்தையே தொழிலாகக் கொண்டவரும் அதைக் கோரி நிற்க முடியுமே என்று கேட்டார். திருத்தம் தோற்றது. இன்று 19ஆவது பிரிவில் ஆயுதம் என்ற சொல் வருவது, ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையைச் சொல்லும் இடத்தில்தான். அமெரிக்கா தன் அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தத்தோடு இன்றுவரை மல்லுக்கட்டுவதைப் பார்க்கும்போது அம்பேத்கரின் முடிவு சரி என்றே எனக்குப் படுகிறது.

துப்பாக்கி வைத்திருப்பது அடிப்படை உரிமை அல்ல. அப்படியென்றால் குடிமகனுக்கு இந்த விஷயத்தில் என்ன உரிமைதான் மிச்சம்? இதற்கு 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பதில் வைத்திருக்கிறது. அந்தப் பதிலைச் சட்டம் தெரிந்தவர்கள்கூட அதிகம் பேசுவதில்லை.

சட்டத்தின் 13ஆவது பிரிவு விண்ணப்பங்களை இரண்டாகப் பிரிக்கிறது. கைத்துப்பாக்கி போன்றவற்றுக்கு, தக்க காரணம் இருப்பதாக அதிகாரி திருப்தியடைந்தால்தான் உரிமம். ஆனால் பயிர்ப் பாதுகாப்புக்கு, குழல் வாய் வழியாக மருந்து இடிக்கும் துப்பாக்கியை ஒரு குடிமகன் கேட்டால், 14ஆவது பிரிவில் சொன்ன தடைகள் இல்லாத பட்சத்தில் உரிமம் கொடுத்தாக வேண்டும். அது போதாது என்று அதிகாரி கருதினால் வழவழப்பான குழல் கொண்ட வேறு துப்பாக்கிக்கும் அனுமதி தரலாம். போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக யாருக்கும் மறுக்கக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. மறுத்தால் காரணத்தை எழுதிப் பதிவு செய்ய வேண்டும். கேட்டால் பொதுநலனுக்குக் கேடு என்றாலொழிய சுருக்கமாகவாவது தர வேண்டும். அதன்மேல் மேல்முறையீடும் உண்டு. ஆக, சட்டம் குடிமகனுக்குத் தந்த உரிமை துப்பாக்கி அல்ல, காரணத்தோடு கூடிய பதில். நான் பெரிதாக மதிப்பது அந்த உரிமையைத்தான்.

நடைமுறையில் அந்தப் பதில் கிடைப்பதுதான் அரிது. கோப்பு கலெக்டர் அலுவலகத்திலிருந்து காவல் நிலையத்துக்கும், அங்கிருந்து மேலுக்கும் அலையும். உயிருக்கு ஆபத்து என்பதற்கு ஆதாரம் இல்லை என்று ஒரே ஒரு வரி எழுதித் திருப்பிவிடுவார்கள். பயிரைக் காப்பாற்றக் கேட்டவருக்கும் இதே வரி வந்தால், சட்டம் இரண்டாகப் பிரித்ததை அலுவலகம் ஒன்றாகச் சேர்த்துவிட்டது என்று பொருள்.

அதிகாரியின் விருப்பத்துக்கு விட்டதில் மற்றொரு கேடும் உண்டு. ஏழைக்கு மூடிய கதவு பணக்காரனுக்குத் திறக்கும். ஜம்மு காஷ்மீரில் 2012க்கும் 2016க்கும் இடையில் தகுதியற்றவர்களுக்கு 2.78 லட்சத்துக்கும் மேலான உரிமங்கள் வழங்கப்பட்டன என்பது சிபிஐ முன்வைத்த குற்றச்சாட்டு. அதே மாநிலத்தில் 2016 இறுதியில் கணக்கில் இருந்த உரிமங்கள் 3.69 லட்சம். இந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் வயிறு கலங்குகிறது.

இந்தப் பின்னணியில்தான் 2019 டிசம்பரில் வந்த திருத்தத்தை எடைபோட வேண்டும். ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்ற 1983ஆம் ஆண்டு வரம்பு இரண்டாகக் குறைந்தது. மசோதா முதலில் ஒன்று என்றே வந்தது. பஞ்சாப் போன்ற இடங்களிலிருந்து எதிர்ப்பு எழுந்ததும் இரண்டாயிற்று. உரிமக் காலம் மூன்று ஆண்டிலிருந்து ஐந்தானது. கொண்டாட்டத்தில் சுட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்தால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டவிரோதத் தயாரிப்புக்கும் கடத்தலுக்கும் தண்டனை கூடியது.

கொண்டாட்டச் சூட்டுக்குத் தனிக் குற்றம் வகுத்தது இந்தத் திருத்தத்தின் ஆகச் சிறந்த பகுதி. உரிமம் பெற்ற துப்பாக்கி அப்பாவியானது, கெட்டது எல்லாம் கள்ளத்துப்பாக்கிதான் என்று உரிமையாளர் தரப்பில் சொல்வார்கள். கல்யாணப் பந்தலில் நடனமாடிய பெண் மீதும் வேடிக்கை பார்த்த சிறுவன் மீதும் பாய்ந்த தோட்டாக்களில் உரிமத் துப்பாக்கியிலிருந்து கிளம்பியவையும் உண்டு. அந்த வாதம் அங்கேயே உடைந்துவிடுகிறது.

மூன்றாவது துப்பாக்கியைப் பறித்ததில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. நாட்டில் துப்பாக்கியால் நடக்கும் கொலைகளில் பெரும்பகுதி உரிமம் இல்லாத ஆயுதங்களால் நடப்பவை என்பதைக் குற்ற ஆவணங்கள் ஆண்டுதோறும் காட்டுகின்றன. பதினெட்டாம் நூற்றாண்டில் மீர் காசிம் ஆயுதப் பட்டறை நிறுவிய பீகாரின் முங்கேர், இன்று நாட்டுக் கைத்துப்பாக்கிக்குப் பேர்போன ஊர். கட்டா எனப்படும் அந்தத் துப்பாக்கியைக் கொட்டகையில் லேத் வைத்துக் கடைந்துவிடலாம். அதில் போடும் .315 தோட்டாவை அப்படிச் செய்துவிட முடியாது. அது பெரும்பாலும் அரசுத் தொழிற்சாலையில் உருவாகி, உரிமம் பெற்ற கடை வழியாக, உரிமம் பெற்ற ஒருவர் பெயரில் வெளியே வந்து, பிறகு கைமாறிய சரக்கு. அடைக்க வேண்டிய ஓட்டை அங்கே இருக்கிறது. வாங்கிய ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்குக் கேட்பதில் காட்டாத கண்டிப்பைத் தாத்தா காலத்துத் துப்பாக்கியை எண்ணுவதில் காட்டினால், பாதுகாப்பு கூடாது. உரிமையாளரின் மனக்குறைதான் கூடும்.

பறித்த விதமும் சரியில்லை. கூடுதல் துப்பாக்கியை ஓராண்டுக்குள் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்ற சட்டம், இழப்பீடு பற்றி ஒரு வரிகூடச் சொல்லவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க வந்தால் என்ன விலை கிடைக்கும்?

ஆஸ்திரேலியா இதை வேறு மாதிரி செய்தது. 1996 ஏப்ரல் 28 அன்று தாஸ்மானியாவின் போர்ட் ஆர்தரில் ஒரே ஆள் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். பன்னிரண்டே நாளில் பிரதமர் ஜான் ஹோவர்ட் எல்லா மாநிலங்களையும் ஓர் ஒப்பந்தத்துக்குள் கொண்டுவந்தார். தானியங்கி, அரைத் தானியங்கி நீள்துப்பாக்கிகள் தடையாயின. தற்காப்பு என்பது உரிமம் பெறத் தக்க காரணம் அல்ல என்றானது. நம் சட்டத்தைவிடக் கடுமை. ஆனால் குடிமகனின் சொத்தை அரசு எடுத்தால் நியாயமான விலை தர வேண்டும் என்று அந்த நாட்டு அரசியல் சட்டம் சொல்வதால், ஒப்படைத்த ஒவ்வொரு துப்பாக்கிக்கும் பணம் கொடுத்தார்கள். அதற்காக எல்லோர் மீதும் ஓராண்டுக்கு மருத்துவ வரியை 0.2 விழுக்காடு உயர்த்தினார்கள். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் வந்து சேர்ந்தன. கிராமப்புறத்தில் கொதிப்பு இருக்கத்தான் செய்தது. குண்டு துளைக்காத உடையை உள்ளே அணிந்துகொண்டு ஹோவர்ட் துப்பாக்கி உரிமையாளர் கூட்டத்தில் பேசினார். இருந்தும், ஊரின் பாதுகாப்புக்கான செலவை ஊரே பகிர்ந்துகொண்டது. நம்மிடம் அது சிலர் தலையில் மட்டும் இறங்கியது.

மீண்டும் காவல் நிலைய மேசைக்கு வருகிறேன். தேர்தல் காலத்தில் உரிமத் துப்பாக்கிகளை ஒட்டுமொத்தமாக வாங்கி வைப்பதைத் தேர்தல் ஆணையத்தின் வழிகாட்டுதலே கேட்கவில்லை. ஒவ்வொருவரையும் தனித்தனியே பரிசீலிக்க மாவட்டக் குழு இருக்கிறது. பொத்தாம்பொதுவாக எல்லோரையும் ஒப்படைக்கச் சொல்வது செல்லாது என்று மும்பை, அலகாபாத் உயர் நீதிமன்றங்கள் கூறியிருக்கின்றன. காரணத்தோடு கூடிய பதில் என்று சொன்னேனே, அந்த உரிமை ஒவ்வொரு தேர்தலிலும் மிதிபடுவது இங்கேதான். பெரியவர் நீதிமன்றத்துக்கா போவார்? ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

இவராவது உரிமம் உள்ளவர். ஜவ்வாது மலையிலும் கல்வராயன் மலையிலும் தருமபுரி, கிருஷ்ணகிரி காட்டோரங்களிலும் நிலைமை இன்னும் மோசம். குறிப்பிட்ட தேதிக்குள் நாட்டுத் துப்பாக்கியை ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று போலீசார் ஊர் ஊராக அறிவிப்பதும், ஊர்ப் பெரியவர்கள் மூலம் துப்பாக்கிகள் வந்து குவிவதும் செய்தியாகப் படிக்கிறோம். தண்டனையைக் காட்டாமல் ஒப்படைக்கச் சொன்ன அந்த வழி நல்ல வழி. ஆனால் புகைப்படத்தில் அடுக்கி வைத்திருப்பது என்ன? பெரும்பாலும் கரிமருந்தையும் பால்ரஸ் குண்டையும் இடித்துச் சுடும் ஒற்றைக்குழல். பயிர்ப் பாதுகாப்புக்குக் கேட்டால் கொடுத்தாக வேண்டும் என்று 1959இல் நாடாளுமன்றம் எழுதிவைத்த அதே வகை. கேட்கத் தெரிந்தவர்களும், கேட்டால் கிடைக்கும் என்று நம்பியவர்களும் அந்த மலையில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அந்தத் துப்பாக்கிகளில் மான் வேட்டைக்குப் போனவை இருக்கும், மறுக்கவில்லை. காட்டுக்குள் அதைப் பிடித்துத் தண்டிக்க வனவிலங்குச் சட்டம் இருக்கிறது.

சட்டப்படியான வழி அடைபட்டால் விவசாயி சும்மா இருப்பதில்லை. பழத்துக்குள் வெடிமருந்தை வைத்த அவுட்டுக்காய் வருகிறது. வேலிக்குத் திருட்டு மின்சாரம் வருகிறது. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே அப்படி ஒரு வேலியில் மூன்று யானைகள் செத்து விழ, இரண்டு குட்டிகள் அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்ததை நாடே பார்த்தது. துப்பாக்கி உரிமம் கொடுத்திருந்தால் அந்த யானைகள் பிழைத்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். கண்ணுக்குத் தெரியும் ஓர் ஆயுதத்தை மூடினால், கண்ணுக்குத் தெரியாத கொடிய ஆயுதம் ஒன்று அந்த இடத்துக்கு வரக்கூடும் என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறேன். கேரளம் 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அதிகாரம் கொடுத்து, உரிமம் உள்ளவர்களைக் கொண்டு பன்றியைச் சுட வழி செய்தது. தமிழ்நாடு 2025 ஜனவரியில், காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் மட்டும் சுடலாம் என்றது. நம் வழியில் தவறு நேரும் வாய்ப்புக் குறைவு. ஆனால் இரவு இரண்டு மணிக்குக் கொல்லையில் நிற்பவர் வனத்துறை ஊழியர் அல்ல, விவசாயிதான்.

எல்லோருக்கும் கதவைத் திறந்துவிடு என்ற முடிவுக்கு நான் போகவில்லை. கைத்துப்பாக்கிக்கு இன்றைய கடுமையே வேண்டும். தோட்டாவுக்கு இன்னும் கடுமை வேண்டும். பயிர்ப் பாதுகாப்பு விண்ணப்பத்துக்கு மட்டும் தனிப் பதிவேடும், கெடுவுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலும் இருந்தால் போதும். மறுத்தாலும் ஏன் என்று தெரியும்.

குடகில் ஓர் ஏற்பாடு 1861 முதல் நடந்துவருகிறது. குடவர்களுக்கும் ஜம்மா என்னும் பரம்பரை நிலம் வைத்திருப்பவர்களுக்கும் உரிமம் பெறுவதிலிருந்து விலக்கு. 2019இல் மத்திய அரசு அதைப் பத்தாண்டுக்கு நீட்டித்தது. 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. கைல்போத் விழாவில் துப்பாக்கிக்குப் பூச்சூட்டி வணங்குகிறார்கள். ஆண் குழந்தை பிறந்தால் ஒரு வேட்டுச் சத்தம் ஊருக்குச் சேதி சொல்கிறது. மரபை மதித்துச் சட்டம் வளைந்து கொடுத்த இடம் அது. வேட்டையையே வாழ்வாகக் கொண்டிருந்த நரிக்குறவர்களுக்கு 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தோடு அந்த வாழ்வு முடிந்தது. பட்டியல் பழங்குடி என்ற தகுதி கிடைக்க 2023 ஆயிற்று. குடகின் விலக்கு 2029இல் மறுபரிசீலனைக்கு வரும்போது தில்லியில் அதற்காகப் பேசப் படைத்தளபதிகள் பிறந்த சமூகம் ஒன்று இருக்கும். பேருந்து நிலையத்தில் பாசிமணி விற்கும் நரிக்குறவரின் துப்பாக்கிக்காகப் பேச இதுவரை யாரும் தில்லிக்குப் போனதாகத் தெரியவில்லை.